நாய்க்குட்டியோடு முதல் ராத்திரி: முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

போன மார்கழியில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை மதுரைக்கு வாங்கி வந்தேன். நான் தனியாக இருப்பவள். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாடி வீட்டு வாடகைக் குடித்தனம், கீழே வீட்டுக்காரர் குடும்பம். சின்ன வயதில் எங்கள் ஊர் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு நாய் கிடக்கும். அது தானாக வந்து சேர்ந்து, மிச்சம் மீதியைத் தின்று, தானாகவே வளர்ந்தது. தாயிடமிருந்து பிரித்த குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து ஒரு அறைக்குள் ராத்திரியைக் கழிப்பது அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலை. அன்றைக்கு விடிவதற்குள் அந்தக் குட்டி செத்துவிடும் என்று நினைத்துப் பயந்துபோனேன். பிழைத்துவிட்டது. ஆனால் அந்த ராத்திரியில் பட்டதில் பாதியாவது, யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பட வேண்டியிருந்திருக்காது. இப்போது குட்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிப்பிப்பாறை எங்கள் பக்கத்து நாய். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். ஒடிசலான உடம்பு, நீண்ட கால், ஒட்டிய வயிறு, குட்டையான முடி. எங்கிருந்தோ வந்த அடர்ந்த முடிக்கார இனத்தை மதுரை வெயிலில் வைத்து வாட்டுவதைவிட நம் மண்ணின் நாயை வளர்க்கலாம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கோவில்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒருவர் குட்டிகள் வைத்திருப்பதாகத் தெரிந்து பேசினேன். "ரெண்டு மாசம் ஆச்சும்மா, முதல் ஊசி போட்டாச்சு, பால் சோறு நல்லாத் திங்கிது" என்றார். விலை 9,000 ரூபாய். நேரில் போய்ப் பார்த்தபோது செவலை நிறத்தில், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று என் செருப்பை மோந்து பார்த்தது. வயிறு மட்டும் உருண்டு உப்பியிருந்தது. "நல்லா சாப்பிட்டிருக்கு" என்றார். அது சாப்பாடு அல்ல, பூச்சி என்பது மறுநாள் தெரிந்தது.

இங்கேயே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் ராத்திரி எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. குட்டியின் வயதை விற்பவர் வாயிலிருந்து கேட்காதீர்கள், குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரம் நிறைந்த குட்டிக்கு அநேகமாகப் பால்பற்கள் 28-ம் வெளியே வந்திருக்கும். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் தெரிந்து, பின்னால் ஈறு வெறுமையாகவோ பல் அப்போதுதான் கீறிக்கொண்டு வருவதாகவோ இருந்தால், அது இன்னும் தாயோடு இருக்க வேண்டிய குட்டி. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதும் ஒருவர் முகம் மாறினால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது ஊசி அட்டை. எனக்குக் கொடுத்த அட்டையில் பேனாவால் ஒரு தேதியும் ஒரு டிக் குறியும் இருந்தன, அவ்வளவுதான். உண்மையாகவே ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன லேபிளை உரித்து அட்டையில் ஒட்டியிருப்பார்கள். அதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணோடு முத்திரையும் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத அட்டை வெறும் அட்டைதான். குட்டிக்கு ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு.

கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று வாடகைக் கார் பிடித்தேன், போக வர 4,000 ரூபாய். கிளம்பும்போதே மாலை நாலரை. விற்றவர் வயலிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. வழியில் குட்டி வாந்தி எடுத்தது, மத்தியானம் குடித்த பால் அத்தனையும் போய்விட்டது. வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், நாலு நக்கு நக்கியது. ஊறவைத்த குட்டித் தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் சோறு பிசைந்து வைத்தேன். அதிலும் இரண்டு வாய்தான். களைப்பாக இருக்கும், காலையில் தின்னும் என்று எல்லாரையும் போலத்தான் நானும் நினைத்தேன்.

குட்டியை எப்போதும் காலையில் கூட்டி வாருங்கள். பகல் முழுக்க அது வீட்டை மோந்து, தரையில் நடந்து, உங்கள் வாசனைக்குப் பழகி, இரண்டு மூன்று தடவை தின்று தூங்கியிருந்தால், ராத்திரி அதற்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஏதாவது கோளாறு என்றாலும் பகலில் மருத்துவரைப் பார்க்கலாம். சொல்லப்போனால் வீட்டுக்கு வரும் வழியிலேயே மருத்துவரிடம் காட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது. இன்னொன்று, இதற்குக் காசே செலவில்லை: வாங்கப் போகும்போது ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்துப் போய், தாயின் மேலும் மற்ற குட்டிகள் மேலும் நன்றாகத் தேய்த்துக் கொண்டு வாருங்கள். முதல் சில ராத்திரிகளுக்கு அந்த வாசனைதான் குட்டிக்குத் தெரிந்த ஒரே உலகம். குட்டி கடைசியாக என்ன, எத்தனை மணிக்குத் தின்றது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தின்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டி வருவதற்கு முந்தின வாரம் ஒரு கடையில் கம்பிக் கூண்டு 4,800, மெத்தை 1,200, தீவனம் 1,300 என்று 7,300 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். கூண்டு இல்லாமல் குட்டி வளர்க்கவே முடியாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வளர்ந்த நாய்க்கான அளவு. அடித்தட்டுக் கம்பியின் இடைவெளியில் குட்டியின் கால் ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே இறங்கியது. கூடத்தில் கூண்டை வைத்து, மெத்தையைப் போட்டு, குட்டியை உள்ளே விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.

முதலில் முனகல். அப்புறம் கீச்சுக் குரல். பத்து நிமிடத்தில் அது ஊளையாகிவிட்டது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அழுதா கிட்டப் போகாதீங்க, ஒரு ராத்திரி விட்டுட்டா அடங்கிரும், இல்லைனா செல்லம் கொடுத்துக் கெட்டுப்போயிரும்" என்று விற்றவரும் சொல்லியிருந்தார், ஆபீசில் நாய் வளர்க்கிறவர்களும் சொல்லியிருந்தார்கள். கீழே வீட்டுக்கார அக்கா போனில் கூப்பிட்டார். "என்னம்மா, ஒரே சத்தமா இருக்கு? இவருக்குக் காலைல அஞ்சு மணிக்கு டூட்டி." "மன்னிச்சுக்கங்கக்கா, புது எடம், அதான் அழுவுது. நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஒரு பக்கம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இன்னொரு பக்கம், ஒரு உயிரை அதன் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று நெஞ்சை அடைத்தது.

"அழட்டும் என்று விடு" என்ற அறிவுரையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். அந்தக் குட்டி பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. தாயின் வயிற்றிலும் கூடப்பிறந்தவற்றின் மேலும் கிடந்து, அந்தச் சூட்டில் தூங்கிய உடம்பு அது. திடீரென்று சுற்றிலும் யாரும் இல்லை, தெரிந்த வாசனை இல்லை, தரை குளிர்கிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டி உயிர் பிழைக்கக் கத்தித்தான் ஆக வேண்டும், கத்தினால்தான் தாய் தேடி வரும். இதில் அடமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. கடைசியில் குட்டி அடங்குகிறது என்றால் அது களைத்துப் போய் அடங்குவதுதான். அந்தக் களைப்பு சின்னக் குட்டிக்கு எவ்வளவு ஆபத்து என்பதைக் கீழே சொல்கிறேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்ற தைரியம் வந்த குட்டிதான் பின்னால் தனியாக இருக்கப் பழகுகிறது. ஆரம்பத்தில் பயந்த குட்டிக்கு அது கடினம்.

நான் கூண்டை விட்டுவிட்டேன். பழக்கடையில் வாங்கி வைத்திருந்த ஆப்பிள் அட்டைப்பெட்டி ஒன்று புத்தகம் அடுக்கிக் கிடந்தது. அதைக் காலி செய்து, அடியில் பேப்பர், மேலே என் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, என் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். நானும் பாயைப் போட்டுத் தரையில் படுத்து, ஒரு கையைப் பெட்டிக்குள் விட்டுவைத்தேன். விரலைத் தேடி வந்து, மூக்கை உள்ளங்கையில் புதைத்துக்கொண்டு குட்டி ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டது. 4,800 ரூபாய்க் கூண்டு கூடத்தில் காலியாக நின்றது. பின்னால் அதை 2,000 ரூபாய்க்கு விற்றேன். முதல் மாதத்துக்கு உயரமான ஓர் அட்டைப்பெட்டி போதும். கூண்டு பிற்பாடு உபயோகப்படும். வாங்கினாலும் அடித்தட்டு கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நடுவில் எழுந்து முனகியபடி வட்டமடித்தது. தூக்கிப் பேப்பரில் விட்டதும் சிறுநீர் போனது. தண்ணியாக மலமும் போனது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, அதற்கும் சின்னது என்றால் இன்னும் சீக்கிரம். அதனால் ராத்திரியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் பேப்பரில் விட்டு, முடித்ததும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் விளையாட்டுக் காட்ட வேண்டாம், பெரிய விளக்கும் போட வேண்டாம். தெருவுக்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முடியாத குட்டிக்குத் தெரு மண்ணே எமன். மொட்டை மாடி அல்லது வீட்டுக்குள் பேப்பர், இரண்டுதான் வழி.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்தது. கையில் பட்ட குட்டியின் உடம்பு ஜில்லென்று இருந்தது. தூக்கினேன், தலை தொங்கியது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முன்னங்கால் லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. "செவலை, செவலை" என்று கூப்பிட்டேன். பெயர் வைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்கு எப்படித் தெரியும் அது தன் பெயர் என்று. போனில் தேடி, மதுரையில் இருக்கிற ஒவ்வொரு நாய் மருத்துவமனைக்கும் போட்டேன். 24 மணி நேரம் என்று பலகையில் எழுதியிருந்த ஓர் இடத்திலும் யாரும் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு டாக்டர் தூக்கக் குரலில் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கடைசியா எப்ப சாப்ட்டுச்சு?" என்றார். மத்தியானம் குடித்ததும் வாந்தியில் போய்விட்டது என்றேன். "சர்க்கரை எறங்கிருக்கும்மா. சீனியக் கெட்டியாக் கரைச்சு, விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. நாக்குக்கு அடியிலயும் தடவுங்க. வாய்ல ஊத்திராதீங்க, மயக்கத்துல இருக்கு, நொரையீரலுக்குப் போயிரும். ஒடம்ப சூடு பண்ணுங்க. கொஞ்சம் முழிச்சதும் கூப்புடுங்க."

சீனித் தண்ணீரைத் தடவினேன். தேன் இருந்தாலும் குளுக்கோஸ் பொடி இருந்தாலும் இதே முறைதான். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டால் இரண்டு சுற்று சுற்றி, குட்டியை அதோடு சேர்த்து என் மடியில் வைத்து, மேலே போர்வையைப் போட்டேன். பாட்டிலை நேரடியாக உடம்பில் வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துக் கோயிலில் மார்கழிப் பாட்டு போட ஆரம்பித்த நேரம் நாக்கை வெளியே நீட்டி என் விரலை நக்கியது. அப்போதுதான் நான் அழுதேன். டாக்டரைக் கூப்பிட்டதும், "ஆறரைக்கே கொண்டாங்க, நான் க்ளினிக்கத் தொறக்குறேன்" என்றார். அந்த மனிதருக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் விளக்கியது இதுதான். மிகச் சின்னக் குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு ரொம்பக் கொஞ்சம். சில வேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அதோடு பயணம், வாந்தி, வயிற்றுப்போக்கு, குளிர், மணிக்கணக்கில் கத்திய களைப்பு எல்லாம் சேர்ந்தால் மயக்கம், வலிப்பு, அப்புறம் சாவுதான். சிப்பிப்பாறையின் உடம்பில் கொழுப்பும் இல்லை, குளிரைத் தாங்கும் முடியும் இல்லை, அதனால் மார்கழிக் குளிர் அதற்குக் கூடுதல் சுமை. வாயைத் திறந்து காட்டினார், கடைவாயில் பல் அப்போதுதான் கீறிக்கொண்டிருந்தது. "இதுக்கு ரெண்டு மாசமா? அஞ்சு வாரம், மிஞ்சிப் போனா ஆறு" என்றார். உடம்புச் சூடு 97 டிகிரிக்குக் கீழே இருந்தது, குட்டிக்கு 100-க்கு மேல் இருக்க வேண்டும். மலத்தில் பார்வோ இருக்கிறதா என்று அட்டைப் பரிசோதனை செய்தார். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடுதான் வந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே குட்டி வாந்தி எடுத்தது, அதில் இடியாப்ப இழை போல வெள்ளையாகப் பூச்சிகள் நெளிந்தன. தாயிடமிருந்தே குட்டிக்கு வருகிற பூச்சி அது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டுமாம். உடம்பு தேறிய பிறகு எடை பார்த்து மருந்து கொடுத்தார். பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதோ, காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுப்பதோ வேண்டவே வேண்டாம் என்று எச்சரித்தார்.

அந்த வார மருத்துவச் செலவு மட்டும் 6,000 ரூபாய். குட்டி 9,000, கார் 4,000, கடையில் வாங்கியது 7,300 என்று சேர்த்தால் 26,300. இதற்கு மேல், விடுப்பு இல்லாததால் ஒரு வாரச் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனது வருத்தம்தான், ஆனால் மூன்று மணிக்கு யாரும் போன் எடுக்காத அந்த நேரம் பணத்தைவிடப் பெரிய கொடுமை. ஆகவே குட்டி வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை: உங்கள் ஊரில் ராத்திரியில் உண்மையாகவே பார்க்கிற மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். பலகையை நம்பாமல், ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டு எடுக்கிறார்களா என்று பாருங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி போன்ற இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே ராத்திரி நேர ஏற்பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் குளுக்கோஸ் பொடி ஒரு பாக்கெட் இருக்கட்டும். படுக்கப் போகும் முன் குட்டி ஏதாவது தின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தின்னவே இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒன்றைப் பலர் பேசுவதில்லை, எனக்கும் டாக்டர் கேட்ட பிறகுதான் புரிந்தது. ராத்திரி கையைப் பெட்டிக்குள் விட்டிருந்தபோது குட்டி விரலைக் கவ்வியதில் லேசான கீறல் விழுந்திருந்தது. ரத்தம் வரவில்லை. "கையில என்ன?" என்று பார்த்துவிட்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். தாய்க்கு வெறிநாய் ஊசி போட்டார்களா என்று நமக்குத் தெரியாது, குட்டிக்கு அந்த ஊசி மூன்று மாதம் ஆனால்தான் போடுவார்கள். குட்டிதானே, பால்பல்தானே என்று விடக் கூடாது. குட்டியிடமிருந்தும் ரேபிஸ் வரும், வந்தபின் வைத்தியம் இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போட்டார்கள்: முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று கணக்கு. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் அப்ப வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம். பாக்கெட் பால் குட்டிக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். நாய்ப்பாலும் மாட்டுப்பாலும் ஒன்றல்ல. தாயை விட்டு வந்த குட்டிக்கு அங்கே தின்ற அதே சாப்பாட்டை முதலில் சில நாள் கொடுத்து, புதுத் தீவனத்தை ஒரு வார காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். என் குட்டி அங்கே பாலை மட்டுமே நம்பி இருந்ததால், டாக்டர் வெந்நீரில் கூழாக ஊறிய குட்டித் தீவனத்தையும், உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்துப் பிசைந்த கோழிக்கறிச் சோற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு நாலைந்து வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். சாம்பார் சாதம் போடுகிற வீடுகள் இந்த வெங்காயத்தைக் கவனிக்க வேண்டும்.

தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். குட்டி தரையை நக்கும், பாதத்தை நக்கும், உள்ளே போனால் கெடுதல். கொசுவத்திச் சுருளும் மூடிய அறையில் வேண்டாம், பெட்டியின் மேல் ஒரு கொசுவலைத் துணி போதும். முன்பு வீட்டில் ஏதாவது நாய் பார்வோவில் இறந்திருந்தால் பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகுதான் குட்டியை விட வேண்டும், வெறும் சோப்புக்கு அந்த வைரஸ் சாகாது. தீபாவளி வாரத்தில் குட்டி வாங்கவே வாங்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள், முடிந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரரோடு முதல் வாரமே சண்டை பிடிப்பதைவிட, குட்டி வருவதற்கு முந்தின நாள் கதவைத் தட்டி, "நாலைஞ்சு நாள் ராத்திரி அழும், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. கீழ்வீட்டு அக்காவிடம் நான் நாய் வாங்கப் போவதைச் சொல்லியிருந்தேன், அழும் என்று சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு அவரே வெந்நீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

விற்றவரைக் கூப்பிட்டு ஐந்து வாரக் குட்டியை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் இப்டித்தாம்மா விக்கிறாங்க, பெருசானா யாரும் வாங்க மாட்டேங்குறாங்க" என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். திருப்பிக் கேட்பதற்கு என்னிடம் ரசீதும் இல்லை, அவர் தரவில்லை. நீங்கள் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள், தேதியும் வயதும் எழுதிய சீட்டு ஒன்று கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக் குட்டிகளுக்குப் பூச்சி மருந்தாவது கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டு வைத்தேன். கொடுத்தாரா தெரியாது.

அடுத்த ராத்திரிகளில் அழுகை குறைந்துகொண்டே வந்தது. பெட்டியை முதலில் பாய்க்குப் பக்கத்தில், அப்புறம் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, அப்புறம் அறை வாசலில் என்று நகர்த்தினேன். இரண்டு வாரம் தாண்டியதும் நான் கட்டிலில் ஏறிப் படுக்க முடிந்தது. பகலில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியாக விட்டுப் பழக்கினேன், ராத்திரி திடீரென்று தனிமை பழக்குவதைவிட இது குட்டிக்கும் எளிது. முதல் ஊசியை எட்டாவது வாரத்தில் அந்த டாக்டரே போட்டு, லேபிளை உரித்து அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறாவது வாரம் வரை அது தொடரும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனபிறகுதான் செவலையைத் தெருவுக்கு இறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை நாங்கள் இருவரும் மாலையில் மொட்டை மாடியில்தான் நடக்கிறோம்.